வெங்காய லொறியில் போன நத்தார்ப் பாட்டு

மாமி,

இன்று காலை கேக் தட்டுகளைச் சந்தியிலுள்ள பேக்கரியின் போறணைக்குக் கொண்டுபோனேன். பாண் சுட்டு முடிந்து, நெருப்புத் தணிந்து, சூடு மட்டும் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். மூடியிருந்த துணியை எடுத்ததும் ஏலக்காயும் சாதிக்காயும் பன்னீரும் முந்திரிகை வற்றலும் கலந்த மணம் எழும்பியது. போறணைக்காரர் பழக்கத்தில் ஒரு கதிரையை இழுத்து அடுப்பு வாசலுக்கு நேரே போட்டார். போட்ட பிறகுதான் அது யாருக்காக என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கதிரையின் முதுகைத் தோள் துண்டால் துடைத்தார். பிறகு, "நீங்கள் இருங்கோ, ரீச்சர்," என்றார்.

இருந்தேன். நீங்கள் இல்லாத முதல் நத்தார் இது.

வருஷந்தோறும் கிறிஸ்து பிறப்புக்கு முந்தின கிழமை நீங்கள் அந்த இடத்தில் குந்தியிருந்து, கேக் வெந்து வெளியே வரும்வரை எழும்பமாட்டீர்கள். "ஆண்டவரை நம்பலாம், பிள்ளை. போறணையை நம்பேலாது," என்பீர்கள். போறணைக்காரர் சிரிப்பார். உள்ளே உங்கள் தட்டு இருந்தால் அவரும் ஒரு கண்ணை அதன்மேல் வைத்தபடிதான் மற்ற வேலை பார்ப்பார். இன்று கேக் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து தொடங்குகிறேன். எங்கள் கல்யாணம் பதிவுக் கந்தோரில் நடந்தது. கோயிலிலும் இல்லை, தேவாலயத்திலும் இல்லை. சுன்னாகம் சந்தையில் மொத்த வெங்காய வியாபாரம் செய்பவரும், ஊர்ப் பிள்ளையார் கோயிலின் தர்மகர்த்தாவுமான என் ஐயா, தன் ஒரே மகள் வேதக்காரக் கிறிஸ்தவப் பெடியன் ஒருவனைக் கட்டுகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே கதவைச் சாத்திவிட்டார். என் பக்கத்தில் நிற்க என்னோடு படிப்பித்த சிநேகிதி ஒருத்தியைத் தவிர வேறு யாரும் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீங்கள். போட்டுவிட்டுப் பேனையை மூடி என் பக்கம் திரும்பி, "மத்தியானத்துக்கு மீனோ, மரக்கறியோ?" என்று கேட்டீர்கள். "இவ சைவம், அம்மா," என்றார் உங்கள் மகன். "அது தெரியும். ஆனா நான் அவவைத்தானே கேட்டனான்," என்றீர்கள்.

நல்லூரில் இருந்த உங்கள் வீட்டுக் குசினியில் அன்று இரண்டு அடுப்பு எரிந்தது. கடைசிவரைக்கும் அப்படித்தான். ஒன்றில் மீன், ஒன்றில் என் மரக்கறி. அகப்பைகூட மாறவிட மாட்டீர்கள். எனக்குப் பயந்து அல்ல. "ஒருதற்றை சாப்பாட்டிலை ஏமாத்தினால் பேந்து என்னத்திலை உண்மையா இருக்கிறது?" என்று ஒருமுறை சொன்னீர்கள்.

அன்று பின்னேரம் விளக்கு வைத்ததும் நீங்களும் மாமாவும் மகனும் முன் அறையில் முழங்காலில் நின்றீர்கள். குடும்ப ஜெபம். நான் அறை வாசலில் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றேன். போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. நீங்கள் கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள்: "பிள்ளை, முழங்கால் போடவேணும் எண்டில்லை. கதிரையிலை இரும். கண்ணை மூடினாலும் சரி, மூடாட்டிலும் சரி. இஞ்சை ஒருத்தர் கண்ணை மூடினால் நித்திரையாப் போயிடுவார்." அந்த ஒருத்தர் மாமா. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாழ்நாள் முழுக்கப் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர். பைபிளை எழுத்துக்கு எழுத்து அனுபவித்து வாசிப்பார், ஜெபம் தொடங்கினால் தூங்கிவிடுவார். நான் அந்த வீட்டில் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

உங்கள் ஜெபங்களைப் போல நான் வேறெங்கும் கேட்டதில்லை. பெரிய சொற்கள் கிடையாது. கிணற்றடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பது போலக் கதைப்பீர்கள். "ஆண்டவரே, இந்த மனுஷன்ரை பல்லுக்கொதியை மாத்தும். இல்லாட்டில் பல்லைப் பிடுங்கிறதுக்காவது அவருக்குத் துணிவைத் தாரும்," என்று ஒரு நாள் கேட்டீர்கள். மாமா திடுக்கிட்டு விழித்து, "ஆமென்," என்றார். பசு கன்று போடுகிற வரைக்கும் அதன் பெயரும் ஜெபத்தில் வரும். பிறகு என் ஐயாவும் வந்தார். ஒவ்வொரு நாளும். "சுன்னாகத்து அண்ணையை நல்லா வைச்சிரும்," என்று மட்டும். மனம் மாற்றும் என்றோ, கதவைத் திறக்கப் பண்ணும் என்றோ ஒரு நாளும் நீங்கள் கேட்டதில்லை.

ஞாயிறு மத்தியானம் அந்த வீட்டின் இன்னொரு முகம். காலையில் ஆராதனை, மதியம் கோழிக்கறி, அதன்பிறகு யன்னல் சீலையை இழுத்துவிட்டு முந்நூற்றிநாலு. சீட்டு விளையாட்டைச் சபையில் பலர் பாவம் என்று நினைத்த காலம். நீங்கள் மேசையின் தலைமாட்டில், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, துரும்பை இறுக்கி வைத்துக்கொண்டு இருப்பீர்கள். மகனுக்கும் இரக்கம் காட்டமாட்டீர்கள். தோற்றவர் பலாவிலையைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த ஆட்டம் முடியும்வரை இருக்கவேண்டும் என்பது வீட்டு விதி. நீங்கள் எனக்கு விளையாட்டைப் பழக்கிய ஒரு மாதத்துக்குள் உங்களையே தோற்கடித்தேன். அன்று பார்த்துத்தானா போதகர் படலையைத் திறந்துகொண்டு வரவேண்டும்! நீங்கள் சீட்டுக் கட்டை மேசைவிரிப்பின் கீழ் தள்ளிவிட்டு, பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, எழும்பிப்போய்ப் பக்குவமாகக் கதவைத் திறந்தீர்கள். காதில் இலை இருந்தது. போதகர் உங்களைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "தோத்துப்போனீங்களோ, அம்மா?" என்றார். பிறகு அவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அவர் துரும்பு கேட்கிற விதத்தைப் பார்த்தால், படிக்கிற காலத்தில் வேதாகமம் மட்டும் படித்தவராகத் தெரியவில்லை.

அப்படியொரு வீட்டில் எனக்கு அழத் தோன்றக் கூடாதுதான். ஆனாலும் பிறந்த வீட்டை நினைத்து அழுதேன். என் அம்மா சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி வாங்க வருவது போல வருவா, நானும் வாங்கப் போவது போலப் போவேன். ஐயாவின் கடைக்குத் தெரியாத மூலையில் கத்தரிக்காய்க் குவியலைக் கிளறிக்கொண்டே இரண்டு வார்த்தை கதைப்போம். மகன் பிறந்ததை அப்படித்தான் அவவுக்குச் சொன்னேன். ஒரு நாள் அம்மா, "ஐயா பாட்டையும் விட்டிட்டார்," என்றா. விடியற்காலைப் பூசையில் என் ஐயா பாடுவதைக் கேட்கவே ஊர்ச்சனம் எழும்பி வரும். எனக்கு நடக்கத் தெரிந்த நாளில் இருந்து அவர் பக்கத்தில் நின்று நானும் பாடினேன். நான் போன பிறகு, "தொண்டை சரியில்லை," என்று சொல்லி நிறுத்திவிட்டாராம். கோயிலுக்குப் போவார், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், திரும்பி வருவார்.

இதை நான் உங்களுக்கு வந்து சொன்னபோது நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். சுளகை நிறுத்திவிட்டு, "பாட்டை விட்டிட்டாரோ?" என்று கேட்டீர்கள். என் கல்யாணத்துக்கு அவர் வராததற்கோ, பேரனைப் பார்க்காததற்கோ நீங்கள் அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்தச் செய்தி உங்களைக் குழப்பிவிட்டது. அன்று முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். "ஒரு பாட்டுக்காரர் பாட்டை விடுறதெண்டால் உள்ளுக்கை எவ்வளவு நொந்திருக்கவேணும், பிள்ளை."

பாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சபைப் பாடகர் குழுவை நடத்தியது நீங்கள். நான் கிணற்றடியில் வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, கையில் மாவோடு ஓடி வந்தவர் நீங்கள். நான் பயந்து நிறுத்தினேன். "ஏன் நிப்பாட்டினீர்? அந்த மேல் இடத்தை இன்னொருக்கா எடும்," என்றீர்கள். அடுத்த ஞாயிறே என்னைக் கூட்டிப்போய், முன்வரிசையில் பாடகர்கள் இருக்கிற வாங்கில் உங்கள் பக்கத்தில் இருத்திவிட்டீர்கள்.

அதோடு பிரச்சினை தொடங்கியது. சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். ரெயில் போல எல்லாம் அட்டவணைப்படி ஓடவேண்டும் அவருக்கு. ஆராதனை முடிந்ததும் வாசலில் உங்களை மறித்தார்.

"ஞானஸ்நானம் எடுக்காத ஆள் பாடகர் வாங்கிலை இருக்கேலாது, அக்கா. அது ஒழுங்கில்லை."

"பாடலாமோ?" என்று கேட்டீர்கள்.

"ஆராதனைக்கு வாற ஆரும் பாடலாம்."

"அப்ப வாங்குதான் பிரச்சினை."

"ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கு."

"சரி," என்றீர்கள். அவ்வளவுதான்.

வரும் வழியில் நான், "இனி வரேல்லை, மாமி," என்றேன். நீங்கள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "வரவேண்டாம் எண்டு ஆரும் சொல்லேல்லையே. வாங்கிலை இருக்கவேண்டாம் எண்டுதானே சொன்னவர்," என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போய், கதவடியில் குடைகள் வைக்கிற கடைசி வாங்கில், குடைகளை ஒதுக்கிவிட்டு இருத்தினீர்கள். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். முன்னால் ஆர்மோனியத்தோடு இருந்த மாமா, வரவேண்டியவரைக் காணாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டுத் தொடங்கியது. பாடகர் ஒரு சுருதியில், ஆர்மோனியம் இன்னொன்றில். இரண்டு வரி போனதும் பின்னாலிருந்து உங்கள் குரல் எழும்பியது. கட்டறுத்துக்கொண்டு ஓடிய மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருவது போல எல்லாரையும் இழுத்து வந்து சுருதியில் கட்டினீர்கள். சனம் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். போதகர் பைபிளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

நீங்கள் யாரையும் வா என்று கூப்பிடவில்லை. ஒரு ஞாயிறு பாடகர் குழுவில் இருந்த சகோதரிகள் இரண்டு பேர் பின்னுக்கு வந்தார்கள். பிறகு ஒருவர், இன்னொருவர். கடைசியில் செயலாளரின் மனைவியே, "முன்னுக்கு இருந்தால் எனக்கு வெய்யில் படுகுது," என்று சொல்லிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தா. அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அந்தக் கிழமையே போதகர் ஆர்மோனியத்தைத் தூக்கிப் பின்னால் வைப்பித்தார். "இனி எனக்குக் கழுத்து நோகாது," என்றார் மாமா. கதவடியில் இடம் இல்லாதபடியால் குடைகள் முன்னுக்குப் போய்ப் பாடகர் வாங்கில் ஏறின. ஒழுங்கு ஒன்றும் மீறப்படவில்லை.

அப்போதுதான் சபைப் பெண்கள் சிலர் உங்களைச் சுற்றி நின்று, "மருமகளை எப்ப சபையிலை சேர்க்கப்போறீங்கள்?" என்று கேட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. "அவ சேர்ந்து கனகாலம்," என்றீர்கள். "நீங்கள்தான் இன்னும் சேர்க்கேல்லை." மாமி, அந்தச் சொல்லைக் கேட்டு நான் நிமிர்ந்த நிமிர்வு இன்னும் குறையவில்லை.

அந்த வருஷ நத்தாருக்குத்தான் நீங்கள் புதுப்பாட்டுக் கட்டினீர்கள். "உம்மடை ஐயா விடியப் பூசையிலை என்ன இராகம் எடுப்பார்?" என்று கேட்டீர்கள். பூபாளம் என்றேன். ஒரு கிழமை வீட்டுக் கறியில் உப்புக் கூடுவதும் குறைவதுமாக இருந்தது. பிறகு ஒரு நாள் மாமாவை ஆர்மோனியத்தோடு இருத்திப் பாடிக் காட்டினீர்கள். தொழுவத்து வைக்கோலில் கண் விழிக்கிற பிள்ளை, அதைப் பார்த்து விடிகிற வானம். எளிமையான சொற்கள். இராகம் அப்படியே என் ஐயாவுடையது. என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

வழமையாக நத்தார்ப் பாட்டுக்காரர் நல்லூரையும் பட்டணத்தையும் சுற்றியுள்ள வேதக்கார வீடுகளுக்குத்தான் போவார்கள். அந்த ஞாயிறு பின்னேரம் வந்து நின்ற லொறியைப் பார்த்ததுமே உங்கள் மகனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிற லொறி. தட்டில் காய்ந்த வெங்காயச் சருகு பறந்தது. நீங்கள் சாரதிக்குப் பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு, "முதல்லை நேரை சுன்னாகம் விடு, தம்பி," என்றீர்கள்.

"அங்கை எங்கடை ஆக்கள் ஒருதரும் இல்லையே, அக்கா," என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"ஆர் சொன்னது? மருமகளின்ரை தாய் தகப்பன் இருக்கினம்."

நான் மகனைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லொறித் தட்டில் இருந்தேன். "அம்மா, அவர் நாயை அவிட்டு விட்டாலும் விடுவார்," என்றார் இவர். நீங்கள் முன்னாலிருந்து திரும்பிப் பார்த்து, "நாய்க்கும் நத்தார்தானே. பாடுவம்," என்றீர்கள்.

ஐயா வீட்டுப் படலையில் லொறி நின்றபோது பொழுது படுகிற நேரம். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஐயா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டார். முகத்தைத் திருப்பி எழும்பி உள்ளே போனார். அம்மா குசினி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. நாய் குரைத்தது. யாரோ, "திரும்புவம்," என்றார்கள்.

நீங்கள் திரும்பவில்லை. படலைக்கு வெளியே, தெருவிலேயே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றீர்கள். ஒரு கால்கூட உள்ளே வைக்கவில்லை. மாமாவைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். பாட்டைத் தொடங்கினீர்கள். எல்லாரும் சேர்ந்தார்கள். மேல் இடம் வந்ததும் என்னைப் பார்த்தீர்கள். என் தோளில் கையை வைத்து அழுத்தினீர்கள். அழுதுகொண்டா பாடினேன், பாடிக்கொண்டா அழுதேன், தெரியாது. ஆனால் பாடினேன்.

உள்ளே கதவு திறந்தது. ஐயா வெளியே வந்தார்.

"பொழுதுபடுற நேரத்திலை ஆரது பூபாளம் பாடுறது?" என்று கேட்டார். கோபமான குரல்தான். ஆனால் கேள்வி பாட்டைப் பற்றியது. "அது விடியப் பாடுறது. இப்ப பாடுறேல்லை."

எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் கைகூப்பினீர்கள். "விடியப் பாடுறவர் பாட்டை நிப்பாட்டிப்போட்டார் எண்டு கேள்விப்பட்டம், அண்ணை. அதுதான் நாங்கள் பின்னேரத்திலை பாடவேண்டி வந்தது," என்றீர்கள்.

மாமி, அந்த இடத்தில் உலகத்தில் வேறு யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் அது குத்தலாகப் போயிருக்கும். நீங்கள் சொன்னபோது அதில் குத்தல் இல்லை. கவலைதான் இருந்தது. ஐயா முற்றத்தில் இறங்கிப் படலையடிக்கு வந்தார். மழைத்தூறல் அவருடைய தோளில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்க்காமல், படலைத் தூணைப் பார்த்து, "அந்த மேல் இடம் அப்பிடி இல்லை," என்றார். எப்படி என்று கேட்கிற துணிவு எனக்கு இல்லை. நீங்கள்தான், "எப்பிடி எண்டு சொன்னால் திருத்தலாம்," என்றீர்கள்.

அவர் பாடினார். சொல் இல்லாமல், வெறும் 'ஆ' என்ற அகாரத்தில். எங்கள் பாட்டின் சொல்லை அவர் தொடவில்லை. தொடவேண்டும் என்று நீங்களும் எதிர்பார்க்கவில்லை. மாமா ஆர்மோனியத்தை மெல்ல அவருக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் இராகத்தை இழுத்து நிறுத்திய இடத்தில் நீங்கள் எங்கள் சொல்லை எடுத்தீர்கள். குரல் கரகரத்திருந்தது, இத்தனை காலம் பாடாத குரல். ஆனாலும் நான் பிறந்ததில் இருந்து கேட்ட குரல். தெருவில் சனம் கூடிவிட்டது. பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா வேதக்காரரோடு படலையில் நின்று பாடுகிறார் என்று பிறகு ஊரெல்லாம் கதைத்தார்கள். கதைக்கட்டும்.

"மழை பெலக்கப்போகுது. உள்ளுக்கை வாங்கோ," என்றார் ஐயா, பாட்டு முடிந்ததும். உங்களைப் பார்த்து. அம்மா தேத்தண்ணி கொண்டு ஓடி வந்தா. லொறிச் சாரதிக்கும் கொடுத்தா. ஐயா இவரின் கையிலிருந்த பிள்ளையைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "பெடியன்ரை பேர் என்ன?" என்று கேட்டார். "அருள்," என்றார் இவர். ஐயா தனக்குள் ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

என்னோடு அவர் நேரே கதைத்தது நாங்கள் லொறியில் ஏறும்போதுதான். "மேல் இடத்திலை மூச்சை வீணாக்கிறாய். முன்னமும் சொன்னனான்," என்றார். அதைக் கேட்டு நான் சிரித்தேன். வேறு எப்படி அவர் என்னை மன்னிப்பார்?

திரும்பும்போது நீங்களும் லொறித் தட்டில் என் பக்கத்தில் ஏறி இருந்தீர்கள். மற்ற வீடுகளுக்குப் போகவேண்டும் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். "ஓம், போவம்," என்றீர்கள். பிறகு, "தேத்தண்ணிக்குச் சீனி காணாது," என்றீர்கள். இருட்டில் கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள்.

ஐயா மறுநாள் விடியப் பூசையில் பாடினார் என்று அம்மா சந்தையில் சொன்னா. அதற்குப் பிறகு நாங்கள் கத்தரிக்காய்க் குவியலடியில் சந்திக்கவேண்டி இருக்கவில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிய கதையை நீங்கள் எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்! முதலில் பேரனைப் பார்க்க. பிறகு ஞாயிறு மத்தியானம், அது என்ன விளையாட்டு என்று பார்க்க. பிறகு விளையாட. பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா காதில் பலாவிலையோடு உம்மென்று இருந்ததையும், "உங்கடை வேதத்திலை கள்ள விளையாட்டுப் பாவமில்லையோ?" என்று உங்களைக் கேட்டதையும் நினைத்தால் இப்போதும் தனியே சிரிக்கிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அவர் எங்கள் வீட்டில்தான் தங்குவார். கொடியேறியதில் இருந்து திருவிழா முடியும்வரை நீங்கள் மீன் அடுப்பை மூட்டமாட்டீர்கள். அதைப் பற்றியும் சபையில் கதை வந்தது. "மரக்கறி சாப்பிட்டால் மோட்சக் கதவைப் பூட்டிப்போடுவினமோ?" என்று கேட்டீர்கள். விடியப்புறம் ஐயா கோயிலுக்குப் புறப்பட முன்னால் முற்றத்தில் நின்று ஒரு பாட்டுப் பாடுவார். நீங்கள் குசினிக்குள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பீர்கள். பின்னேரம் நீங்கள் கீர்த்தனை பாடினால் அவர் பத்திரிகையை மடித்து வைப்பார். ஒருவரை ஒருவர் மாற்ற நீங்கள் இரண்டு பேரும் முயன்றதில்லை. சுருதியைத் தவிர.

ஐயா உங்களுக்கு முன்னமே போய்விட்டார். அவருடைய செத்தவீட்டில் ஓர் ஓரத்தில் கைகட்டி நின்ற உங்களை ஊர்ப் பெண்கள் கூப்பிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். அதைவிடப் பெரிய மரியாதை அந்த ஊரில் இல்லை.

இன்றுவரை நான் ஞானஸ்நானம் பெறவில்லை, மாமி. உங்கள் வீட்டு ஜெபத்தில் ஒரு நாளும் தவறாமல் இருந்தேன். நெற்றியில் திருநீறு வைத்த நாட்களிலும் இருந்தேன். ஏன் சேரவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு தரம் கேட்டிருந்தால் உங்களுக்காகப் பெற்றிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் கேட்கவில்லை என்று இப்போது விளங்குகிறது. அது இன்னொருவருக்காகச் செய்யக் கூடாத காரியம் என்று நினைத்தீர்கள். என் பள்ளிக்கூடத்தில் யாராவது, மாமியார் எப்படி என்று கேட்டால், மற்றப் பெண்கள் பெருமூச்சு விடுகிற இடத்தில் நான் கதை சொல்லத் தொடங்கிவிடுவேன். மணி அடித்தாலும் முடியாது. அப்படிப் பெருமை பேசுவது எனக்கு வெட்கமாக இருந்ததே இல்லை.

கடைசி மாதங்களில் உங்களால் எழும்ப முடியவில்லை. பாடகர் குழு விறாந்தையில் கூடி என்னை வைத்துப் பயிற்சி செய்தது. செயலாளர்தான் வந்து, "இனி நீங்கள் நடத்துங்கோ, பிள்ளை," என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். "வாங்கைப் பற்றி ஆர் இப்ப கதைச்சது?" என்றார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு பின்னேரம் பயிற்சிக்கு நடுவில் உள்ளேயிருந்து கைதட்டிக் கூப்பிட்டீர்கள். ஓடி வந்தேன். தண்ணீர் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். தலையணையில் இருந்து முகத்தைத் தூக்காமலே, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள்: "உயரத் தொடங்கிறீர், பிள்ளை. உமக்கு எட்டும். கேக்கிறவைக்கு நல்லாத்தான் இருக்கும். கொஞ்சம் பதிய எடும். எல்லாரும் பாடட்டும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். நித்திரையா, ஜெபமா என்று நான் பார்க்கவில்லை. போய்ப் பதிய எடுத்தேன். விறாந்தையில் இருந்த எல்லாக் குரலும் வந்து சேர்ந்தது. அறைக்குள்ளிருந்து உங்களுடையதும் வந்தது. நான் கேட்ட உங்கள் கடைசிப் பாட்டு அது.

போன ஞாயிறு ஆராதனையில், பாட்டுத் தொடங்க முன்னால் ஒரு கணம் திரும்பி வாங்குகளைப் பார்த்தேன். பல்லில்லாத கிழவர்கள், சளி பிடித்த பிள்ளைகள், வேலைக் களைப்போடு வந்த பெண்கள். எல்லாருக்கும் எட்டுகிற இடத்தைத் தேடி எடுத்தேன், மாமி. எல்லாரும் பாடினார்கள்.

உங்கள் பிள்ளை